பெற்ற வயதும் போட்ட வயதும்

சங்ககிரியில் செங்கோடன் என்று ஒரு லாரி டிரைவர் இருந்தான். அவனுக்கு இரண்டு வயது. இப்படிச் சொன்னால், பால்குடி மறக்காத பிள்ளையா லாரி ஓட்டியது என்று கேட்பீர்கள். சரியாகவே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு வயதுகள் இரண்டு.

ஒன்று, பெற்ற வயது. காவிரியில் தண்ணீர் வராத ஒரு வருஷம், ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அவன் அம்மா அவனைப் பெற்றபோது கூடவே பிறந்தது. இன்னொன்று, போட்ட வயது. அது செங்கோடனுக்குப் பதினாறு நடக்கும்போது ஒரு லாரி ஆபீஸ் மேஜையின் மேல் பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு இருபத்து மூன்று.

நடந்தது இதுதான். செங்கோடன் பதிமூன்றில் கிளீனராக வண்டி ஏறியவன். பதினாறில், டிரைவர் கண்ணசந்தால் நாக்பூர் வரைக்கும் அவனே ஓட்டிக்கொண்டு போய்விடுவான். இப்படி ஒரு கை கிடைத்ததில் வண்டி ஓனருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். லைசன்ஸ் எடுக்கத்தான் வயது போதவில்லை. யாரையோ பிடித்து ஒரு பள்ளிக்கூடச் சான்றிதழ் வாங்கி வந்தார்.

"இருபதுன்னு போட்டா மூஞ்சியப் பாத்து ரோசனை பண்ணுவாங்க. துணிஞ்சு இருபத்தி மூணுன்னு போட்ரு. ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார்.

பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று எழுதினார்கள். போட்டோவுக்கு மீசை பற்றவில்லை. கண்மை தடவி அதையும் கனமாக்கினார்கள். ஒருத்தனும் கேட்கவில்லை.

பெற்ற வயதுக்கு அன்றைக்குக் கோபம் எதுவும் வரவில்லை. ஏழு வருஷம் மூத்த அண்ணன் ஒருவன் சும்மா கிடைத்தான் என்றுதான் நினைத்தது. ஆபீஸ் பக்கம் அண்ணன் போகட்டும், உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டது. லைசன்ஸ், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் போட்ட வயது காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. பெற்ற வயது செங்கோடனின் முழங்காலிலும் கண்ணிலும் காதோர முடியிலும் குடியிருந்தது.

வருஷங்கள் போயின. அம்மா போய்ச் சேர்ந்தாள். ஜாதகத்தைக் கரையான் தின்றது. பெற்ற வயதை அறிந்தவர்கள் என்று உலகத்தில் கடைசியில் இரண்டே பேர்தான் மிஞ்சினார்கள். ஒருவன் செங்கோடன். அவனே அதை மறந்துகொண்டு வந்தான். இன்னொருத்தி அவன் மனைவி பாவாயி. மாமியார் வாயால் கேட்டு வைத்திருந்தவள். பெத்த வயசு, போட்ட வயசு என்று பேர் பிரித்து வைத்ததே அவள்தான். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வருஷாவருஷம் வெல்லம் போட்டுக் கச்சாயம் என்கிற பலகாரம் சுட்டு வைப்பாள். எதற்கென்று சொல்ல மாட்டாள். பெற்ற வயதுக்கு மட்டும் அது தெரியும். அன்றைக்கு ஒருநாள் அது தலை நிமிர்ந்து உட்காரும்.

இப்படியே ஓடிப் பெற்ற வயது ஐம்பத்து மூன்றாகவும் போட்ட வயது அறுபதாகவும் ஆனபோதுதான் செங்கோடனுக்கு அந்தத் தொந்தரவு வந்தது. மணிக்கு ஒருதரம் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான். இறங்கியும் மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்தார்கள். பாவாயிதான் அவனைப் பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

"புராஸ்டேட்டுன்னு ஒரு சுரப்பி. அது விடுற பொருள் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாக்குறது. கூட இருந்தா மேற்கொண்டு தேடணும், புத்துநோயா இல்லையான்னு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் பாவாயி பயந்துபோனாள். பெற்ற வயதும் பயந்துவிட்டது. அதற்கு இருந்ததே அந்த ஒரு உடம்புதான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கோகிலவாணி என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஐயா பேருங்க?"

"செங்கோடன்."

"வயசுங்க?"

"அம்பத்தி மூணுங்க" என்று பாவாயி சொல்லிவிட்டாள். யோசித்துச் சொன்னதில்லை. பயத்தில் உண்மை வாயைத் தாண்டி விழுந்துவிட்டது.

பெற்ற வயது துள்ளி எழுந்தது. முப்பத்தேழு வருஷத்தில் ஓர் ஆபீஸ் மேஜையில் தன் பேர் ஒலிக்கிறதே என்று முன்னால் வந்து நின்றது. கோகிலவாணியின் விரல் ஐந்தை நோக்கிப் போனது.

"அறுபதும்மா. அவளுக்கு என்ன தெரியும்? இந்தா, கார்டப் பாத்து எழுது" என்று செங்கோடன் அட்டையை மேஜையில் போட்டான்.

கோகிலவாணி சிரித்தாள். "அம்மா கண்ணுக்கு ஐயா இன்னும் சின்னப் பையனாத்தான் தெரியறாரு போல."

செங்கோடனும் சிரித்தான். பாவாயி வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கோகிலவாணியின் விரல் ஐந்தை விட்டு ஆறுக்கு நகர்ந்தது. ஓர் ஆள் தன் கையால் தன் கதவைச் சாத்துவதை மூன்று பேர் சேர்ந்து சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரத்தம் குழாயில் இறங்கி எந்திரத்துக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அது ஓர் எண்ணாகி வெளியே வந்தது. அதன் பேர் நாலு புள்ளி ஒன்று. அதற்கு விதித்த வேலை ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டருக்குள் எல்லைக் கோடு போட்டு நிற்கும் கோட்டுக்காரரிடம் போய்த் தன் உயரத்தைக் காட்ட வேண்டும். கோட்டைத் தாண்டினால் கோட்டுக்காரர் மணியடிப்பார். மணியடித்தால் தாளில் அந்த எண் தடித்த எழுத்தில் விழும். தடித்த எழுத்தைக் கண்டால் டாக்டர் மேற்கொண்டு தேடுவார்.

அங்கே கோட்டுக்காரர்கள் நாலு பேர், அண்ணன் தம்பிகள். அவரவர் கோடே அவரவர் பேர். நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு இரண்டரை. ஐம்பதுகளுக்கு மூன்றரை. அறுபதுகளுக்கு நாலரை. எழுபதுகளுக்கு ஆறரை. சின்னவனுக்கு எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும். மூத்தவருக்குப் பக்கத்தில் பட்டாசு வெடித்தால்தான் காது கேட்கும்.

நாலு புள்ளி ஒன்று ஓட்டமும் நடையுமாக வந்தது. வழியில் நின்ற மூன்றரை அதைத் தடுத்தார்.

"நில்லு, நில்லு! என் தலைக்கு மேல நிக்கிறியே! உனக்கு அடிச்சே ஆகணும்." அவர் மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார்.

அப்போதுதான் போட்ட வயது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தது. அதற்குப் பேச்சே சர்க்கார் தாள் மாதிரிதான் வரும். "மேற்படி நபர் தங்கள் எல்லைக்கு உட்பட்டவர் அல்ல. வயது அறுபது. ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது" என்றது.

"அறுபதா? அப்ப என் ஆளு. வாப்பா இப்படி" என்று நாலரை கூப்பிட்டார். நாலு புள்ளி ஒன்றைத் தன் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்தார். "என் நெத்தியக்கூட எட்டலையே. நல்லாத்தான் இருக்க. போ, போய்த் தாள்ல படுத்துக்க."

"பொய்!" என்று கத்திக்கொண்டு பெற்ற வயது ஓடி வந்தது. "அவனுக்கு அம்பத்து மூணு. நான்தான் அது. மூன்றரை ஐயா, கயித்த விடாதீங்க!"

மூன்றரை திரும்பிப் பார்த்தார். "உன் பேருல என்ன தாள் இருக்கு?"

"தாள் இல்லீங்க. அவன் முழங்காலக் கேளுங்க. அவன் சம்சாரத்தக் கேளுங்க. இந்தா, குழாய்ல இருக்கே ரத்தம், அதக் கேளுங்க."

குழாயில் மிச்சமிருந்த ரத்தம் சோர்ந்துபோய்ச் சொன்னது: "நான் பாத்ததச் சொல்லிட்டேன். அது எண்ணாயிடுச்சு. இந்த உடம்புல எத்தனை வருஷமா ஓடறேன்னு யாரும் என்னைக் கேக்கல. கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது."

"பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க" என்று பெற்ற வயது ஆறரையின் காலைப் பிடித்தது.

ஆறரை கையைக் காதில் குவித்துக் கேட்டுவிட்டு, நிதானமாகப் பேசினார். "தம்பி, எங்க மேல கோவப்படாத. வயசாக வயசாக அந்தச் சுரப்பி தானா வீங்கும். வீங்கினா இந்த எண்ணும் தானா ஏறும். அதுக்கெல்லாம் நாங்க மணியடிச்சா, ஒண்ணுமில்லாத கிழவனையெல்லாம் படுக்கப்போட்டுச் சதையில ஊசி குத்தி எடுப்பாங்க. வீட்டுல அழுவாங்க. அதனாலதான் வயசுக்குத் தக்கபடி எங்களுக்குக் காது மந்தமா வெச்சிருக்கு. அது எங்க குறையில்ல, ஒரு கருணை. ஆனா அந்தக் கருணை வயசக் கேட்டுத்தான் நடக்கும். வயசே பொய் சொன்னா எங்களுக்கு என்ன தெரியும்?"

நாலு புள்ளி ஒன்று அழுகிற குரலில் பேசியது. "நான் மாறவே இல்லையே ஐயா. அவர்கிட்ட நின்னாலும் நாலு புள்ளி ஒண்ணு, இவர்கிட்ட நின்னாலும் நாலு புள்ளி ஒண்ணு. அங்க நின்னா நான் கூச்சல் போடறேன். இங்க நின்னா ஊமையாகிடறேன். என் மேல என்ன தப்பு?"

மூன்றரை ஒருதரம் கயிற்றைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தாள் இல்லாதவனுக்காக மணியடிக்க அவருக்கு உத்தரவு இல்லை.

தாள் வெளியே வந்தது. 4.1 என்று மெல்லிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில், வயதுக்கேற்ற அளவுக்குள் என்று அச்சாகியிருந்தது.

டாக்டர் தாளையும் வயதையும் பார்த்தார். "உங்க வயசுக்கு இது சரியான அளவுதான். வீக்கத்துக்கு மாத்திரை தர்றேன். வருஷத்துக்கு ஒருதரம் இதே டெஸ்ட் எடுத்துப் பாத்துக்குங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் செங்கோடன் ரெண்டு டீ வாங்கினான். முகமெல்லாம் சிரிப்பு. பாவாயி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"ஏனுங்க, வயசுக்குச் சரின்னு சொன்னாருங்களே" என்றாள்.

"ஆமா. அதுக்கென்ன?"

"எந்த வயசுக்குங்க?"

பெற்ற வயதுக்கு அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. டாக்டருக்குத் தோன்றாத கேள்வி, எந்திரத்துக்குத் தோன்றாத கேள்வி, அவளுக்குத் தோன்றிவிட்டது. செங்கோடனும் ஒரு கணம் டீயை வாயருகே வைத்தபடி நின்றான். ஒரே ஒரு கணம்தான்.

"எந்த வயசா இருந்தா என்ன? ஒடம்பு ஒண்ணுதானே, ரத்தம் ஒண்ணுதானே?"

"இல்லீங்க, வயசப் பாத்துத்தானுங்க சொன்னாரு. நான் வேணா ஓடிப்போயிக் காதுல போட்டுட்டு வந்தர்றனுங்க. பெத்த வயசு இன்னதுன்னு."

"உனக்கென்ன கிறுக்கா புள்ள?" அவன் குரல் தணிந்தது, ஆனால் சூடாயிற்று. "லைசன்ஸ் பொய்யின்னு வெளிய தெரிஞ்சா என்னாகும்? இத்தனை வருசம் ஓட்டுனதெல்லாம் கேஸாயிரும். வண்டியத் தொட உடமாட்டாங்க. அப்பறம் நான் என்ன, ஆடு மேய்க்கவா? சரின்னு தாளே சொல்லிருச்சு. நீ பேசாம டீயக் குடி."

அவள் குடித்தாள். பஸ் வந்தது. ஏறிப் போனார்கள்.

மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. வண்டியை ஓரங்கட்டுவது குறைந்தது. அடுத்த வருஷம் ரத்தம் பார்க்கும் மாதத்தில் செங்கோடன் குஜராத்தில் லோடுக்குக் காத்திருந்தான். அதற்கடுத்த வருஷம் அந்த நினைப்பே அவனுக்கு இல்லை. பாவாயி ஞாபகப்படுத்தினால், "தாள்லதான் சரின்னு இருக்குதே" என்பான். அந்தத் தாளை மடித்து, லைசன்ஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலேயே செருகி, வண்டியில் சீட்டுக்கு மேலே வைத்திருந்தான். ஆக, போட்ட வயதும் நாலு புள்ளி ஒன்றும் ஒரே கவருக்குள் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயின.

ஒரு மத்தியானம், ஹூப்ளி தாண்டி வண்டி ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தபோது, பெற்ற வயது செங்கோடனின் இடுப்பிலிருந்து அந்தக் கவரைப் பார்த்துக் கூப்பிட்டது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த இடுப்பில் ஒரு வலி எடுத்திருந்தது.

"அண்ணா, கால்ல விழுந்து கேக்கறேன். ஒருதரம் உண்மையச் சொல்லிரு."

"இயலாது" என்றது போட்ட வயது.

"நீ பொய்யின்னு ஒத்துக்கிட்டா அவன் பொழச்சாலும் பொழப்பான்."

"நான் பொய் என்று ஆனால் லைசன்ஸ் செத்துப்போகும். லைசன்ஸ் செத்தால் அவன் என்ன செய்வான்?" போட்ட வயது முதல்தடவையாகச் சர்க்கார் பாஷையை விட்டுவிட்டுப் பேசியது. "தம்பி, நீ என்னைத் திருடன் மாதிரி பாக்கற. பதினாறு வயசுல கிரீஸ் துணியும் கையுமா இருந்தவன ஸ்டியரிங் முன்னால உக்கார வெச்சது நீயா? நான்தான். மகளப் படிக்க வெச்சது, வீட்டுக்குக் கான்கிரீட் போட்டது எல்லாம் என்னைக் காட்டித்தான். நீ அவனுக்கு முழங்கால் வலியத் தவிர என்ன குடுத்த?"

அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதுதான் பெற்ற வயதுக்கு ரொம்ப வலித்தது. பொய்யாகவே பிறந்த ஒன்று இவ்வளவு உண்மையாக உழைத்திருந்தால் அதை எப்படித் திட்டுவது?

மடிப்புக்குள்ளிருந்து நாலு புள்ளி ஒன்று மெதுவாகச் சொன்னது: "நீங்க சண்டை போட்டுக்குங்க. நான் இந்தத் தாள்ல அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கேன். உள்ள அது இப்ப என்னவா இருக்குதோ."

வண்டி ஏற்றம் ஏறி முடித்தது.

இடுப்பு வலி நிற்கவில்லை. டிரைவர்களுக்கு இடுப்பு வலிப்பது ஊரறிந்த விஷயம். எண்ணெய் தேய் என்றார் ஒருவர். பலகையில் படு என்றார் இன்னொருவர். செங்கோடன் தேய்த்தான், படுத்தான், ஓட்டினான். ஒருநாள் காலையில் சங்ககிரி ஷெட்டில் வண்டியில் ஏறக் காலைத் தூக்கியவனால் படியில் வைக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி அப்படியே தொங்கினான். முப்பது நாற்பது வருஷமாக ஏறிய படி அது. சுற்றி நின்றவர்கள் பிடித்து இறக்கினார்கள்.

மறுபடியும் அதே டாக்டர், அதே பரிசோதனைக் கூடம், அதே கோகிலவாணி. குழாயில் ரத்தம் இறங்கிற்று. இந்தத் தடவை எந்திரத்திலிருந்து வந்த எண் நடந்து வரவில்லை, இடித்துக்கொண்டு வந்தது. அதன் பேர் இருநூற்றுப் பன்னிரண்டு. நாலு கோட்டுக்காரர்களும் சேர்ந்தாற்போல மணியடித்தார்கள். காது கேட்காத ஆறரைகூடப் பதறி எழுந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். உன் வயது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அவசியம் இல்லாமல் போய்விட்டது.

மணிச் சத்தத்துக்கு நடுவே மூன்றரை பெற்ற வயதை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதானே அன்னைக்கு வந்து கத்தின? எத்தனை உனக்கு இப்போ?"

"அம்பத்தாறு."

"இன்னும் என்கிட்டதான் இருக்கிற" என்று சொல்லி, அவர் தலையைக் குனிந்துகொண்டு மணியை அடித்துக்கொண்டே இருந்தார்.

எலும்பையெல்லாம் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. பாவாயி கவரிலிருந்து பழைய தாளை எடுத்து நீட்டினாள். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அறுபத்து மூணு, இல்லையா?" என்று கேட்டார்.

செங்கோடன் சுவரைப் பார்த்தான். பாவாயி வாயைத் திறக்கவில்லை. ஒருதரம் சொல்லி அடங்கிப்போனவள் அவள். பிறகு அவனே சொன்னான். குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரல் போல இருந்தது.

"அம்பத்தாறுங்க டாக்டர். கார்டுல இருக்கறது லைசன்ஸுக்காகப் போட்ட வயசுங்க."

இத்தனை வருஷம் காத்திருந்த சொல் வந்துவிட்டது. தன் பேரை அவன் வாயாலேயே கேட்டுவிட்டது பெற்ற வயது. ஆனால் அதற்குச் சந்தோஷம் வரவில்லை. இதற்காகவா காத்துக்கிடந்தோம் என்றுதான் நினைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஒரு சொல்லுக்கு ஒரு விலை இருந்தது. இப்போது அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

டாக்டர் பழைய தாளில் மெல்லிய எழுத்தில் இருந்த 4.1-ஐ விரலால் தொட்டார்.

"அப்ப அம்பத்து மூணா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாருங்களா?" என்று பாவாயி கேட்டாள்.

டாக்டர் நல்லவர். பொய் சொல்லவில்லை. "அப்படி நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. ஆனா தேடியிருப்போம்" என்றார்.

பாவாயிக்கு அந்தக் கடைசி வார்த்தை போதும். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சேலத்துக்கு ஆறுதரம் போய்வந்தார்கள். அந்த வார்த்தை மட்டும் அவள் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை. ஓடிப்போய்க் காதில் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னவள், ஏன் ஓடாமல் டீயைக் குடித்தோம் என்று தனியாக இருக்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள். அவளைப் பார்க்கப் பெற்ற வயதுக்குப் பொறுக்கவில்லை. உன் தப்பு இல்லை தாயே என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

ஆடி பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போது செங்கோடன் செத்துப்போனான். ஐம்பத்தேழாவது கச்சாயம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

சாவு வீட்டில் போட்ட வயதுக்குத்தான் மரியாதை. தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில், கண்மை மீசைக்காரன் நரைத்த மீசையோடு சிரிக்க, அடியில் வயது 63 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இறப்புச் சான்றிதழிலும் அதுவே. லாரி ஆபீஸ்காரர்கள் மாலை போட்டுவிட்டுப் பாவாயிக்கு ஆறுதல் சொன்னார்கள். "அறுபதத் தாண்டிட்டாருங்க. பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டாரு. மனசத் தேத்திக்கங்க." வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஏழு வருஷம் கூட வாழ்ந்தவன் போலவே அவனை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார்கள்.

உடம்பு மண்ணுக்குப் போனதும் பெற்ற வயதுக்குத் தங்க இடமில்லை. அது பாவாயியின் நினைப்புக்குள் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்தாறோடு நின்றுவிட்டதால் அதற்கு வேறு வேலையும் இல்லை.

ஆனால் போட்ட வயது நிற்கவில்லை. காகிதத்துக்கு யார் செத்தார்கள் என்று தெரியாது. வருஷம் திரும்பியதும் வாக்காளர் பட்டியலில் அது தன் பாட்டுக்கு ஒன்று ஏறிக்கொண்டது.

ஒருநாள் காலையில் அந்தப் பட்டியலோடு ஒரு வாத்தியார் வீடு வீடாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். பாவாயி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"செங்கோடன், வயது அறுபத்து நாலு. இருக்காருங்களா அம்மா?"

பாவாயி கையிலிருந்த சாம்பலைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, பஸ் ஸ்டாண்டில் விழுங்கிய குரலை எடுத்துப் பேசினாள்.

"பெத்த வயசு செத்துப்போச்சுங்க. போட்ட வயசு நல்லாத்தான் இருக்குது, எழுதிக்கிட்டுப் போங்க."